காயலாங்கடை என்று சொன்ன வாய்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும் போல இருந்து ஏமாற்றிவிட்டது. பூசை முடிந்து வந்து இன்னும் புடவைகூட மாற்றவில்லை. முதலில் இதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் சமையலறையில் ஏதாவது உடையும்.

பூசை முடிவில் அறிவிப்புகள். செல்வின் அண்ணன் மைக்கைப் பிடித்தார். பங்குப் பேரவைச் செயலாளர் ஆனதிலிருந்து அவருக்கும் மைக்குக்கும் கல்யாணம் ஆனது மாதிரி.

"நம்ம கோவில்ல பாட்டு வரி காட்டுற திரைக்குப் புது லேப்டாப் வாங்கியாச்சு. இனிமே பாட்டு நடுவுல நின்னு போவாது. இவ்ளோ நாளா அந்தக் காயலாங்கடை மிஷினை வெச்சு தள்ளிக்கினு வந்த நம்ம பிரிசில்லாவுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!"

கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். நான் தூண் ஓரம், என் மேசையில், மிஷினைப் பிடித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை. நானும் சிரித்தேன்.

காயலாங்கடை. மாரிஸ் லேப்டாப். என் மாரிஸ்.

இனி அவர் செ.அ. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

புது லேப்டாப் எந்தக் கம்பெனி என்று பார்த்தேன். அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

மதியம் மீன் குழம்பு. உப்பு போட மறந்தேன். என் வீட்டுக்காரர் ஜெரால்டு அப்படியே சாப்பிட்டார். பயந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கோபத்தில் கால் வலிக்கவில்லை.

ஆபீஸில் வேலை ஓடவில்லை. இங்கே டிஸ்பாட்ச் பிரிவுக்கு நானாகக் கேட்டு மாற்றிக்கொண்டு வந்ததே, இங்கே மட்டும்தான் மேசைமேல் மாரிஸ் என்பதால். மேனேஜர் இன்றுவரை நான் கணக்குப் பிரிவில் சண்டை போட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் மூன்று மாரிஸ். முதலாவது முதல் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியது, செங்கல் கனம். இரண்டாவதில் ஒரு மூலை உடைந்தது, ஆனால் ஓடும். மூன்றாவதுதான் கோவிலுக்குப் போவது. மூன்றின் அட்டைப்பெட்டிகளும் பரணில். பூந்தமல்லி ஷோரூமை மூடிய அன்று கடைசி வாடிக்கையாளர் நான்தான். ஒன்றும் வாங்கவில்லை. பார்த்துவிட்டு வந்தேன். அம்மா சாகும்வரை, 'மாதா பேர் வெச்ச கம்ப்யூட்டர்' என்று சொல்லி, தினமும் ஜெபம் முடிந்ததும் அதன்மேலும் சிலுவை போடுவாள். ஜெ. வேறு கம்பெனி வாங்கலாம் என்று ஒரே ஒருமுறை சொன்னார். நான் சமைக்கவில்லை. பிறகு சொன்னதே இல்லை.

திரையில் பாட்டு நின்றது உண்மை. ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புப் பூசை, நற்கருணை வாங்கும் நேரம். ஆனால் நின்றது கேபிளால். அந்தக் கேபிளை வாங்கி வந்தது யார்? செ.அ. வாங்கிய அன்றே சொன்னேன், செருகும் முனை ஆடுகிறது என்று. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார். அதை மைக்கில் சொன்னாரா?

மதியம் பாஸ்கர் போன். 'மாரிஸ் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குழுவில் நேற்று புலம்பியிருந்தேன். இவன் ஆவடி மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாரிஸ் பைத்தியத்தில் எனக்குத் தம்பி.

"யக்கா, இன்னா இது, நம்ம மிஷினைப் பார்த்து அப்டி சொல்லிகிறான், நீ சும்மா வந்துகிற?"

"கோவில்ல வெச்சு என்னடா பண்றது?"

"கோவில்ல பண்ணாதக்கா. வெளில வெச்சுப் பண்ணு."

செய்யக்கூடியவை:
– செ.அ. மகளுக்கு நான் போட்டுக் கொடுத்த பயோடேட்டாவைத் திருப்பிக் கேட்பது. (சின்னத்தனம்.)
– பாடகர் குழுவை விட்டு விலகுவது. (அவருக்குச் சந்தோஷம்.)
– ஃபாதரிடம் கேபிள் விஷயம். (ஃபாதருக்குக் கேபிள் என்றால் டிவி.)
– மன்னிப்பது.

கடைசியை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

சாயந்திரம் மழை. கள்ளிக்குப்பம் திருப்பத்தில் முழங்கால்வரை தண்ணீர். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் செ.அ. குடையோடு.

"பாட்டு எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடும்மா. எட்டாம் தேதி மாதா திருநாள் வருது பாரு. வருகைப் பாட்டு, தேர்ப் பாட்டு, நவநாள் ஜெபம், எல்லாம்."

"எல்லாம்னா எல்லாமா அண்ணே?"

"ஒண்ணு விடாம."

உள்ளே போய் மாரிஸைத் திறந்தேன். நகல் எடுக்கும்போதுதான் தலையில் அடித்தது போல் ஞாபகம் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சமீபத்துப் பாட்டெல்லாம் யூனிகோடில் இருக்கிறது. எந்த மிஷினிலும் தமிழாகத் தெரியும். ஆனால் ஆரம்பத்தில் அடித்தவை பழைய ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத மிஷினில் திறந்தால் தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். திருநாள் பாட்டு, தேர்ப் பாட்டு, மாதா பாட்டு மொத்தமும் பழைய ஃபான்ட்.

அவர் பாட்டு கேட்டார். ஃபான்ட் கேட்கவில்லை.

கொடுத்தேன். ஒன்று விடாமல்.

"நல்ல மனசும்மா உனக்கு" என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் இருபது வயது குறைந்திருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொடியேற்றம். ஆபீஸில் பர்மிஷன் போட்டு வந்தேன். மேசை இடம் மாறிவிட்டது, பலிபீடத்துக்கு இன்னும் பக்கத்தில். செ.அ. உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை வேறு. யார் அடையாளம் கேட்டார்கள்?

இன்று பாட்டெல்லாம் புதுசு, யூனிகோடு. பளிச்சென்று வந்தது. பக்கத்தில் நின்ற ரோஸ்லின், "எவ்ளோ தெளிவா கீது பாரேன்" என்றாள். பாடகர் குழுவில் என் பக்கத்துக் குரல் அவள். எத்தனை வருடப் பழக்கம்! அவளுக்கும் ஒரு நாள் இருக்கிறது.

தெளிவுக்குக் காரணம் புது கேபிள். கேபிளை மாற்றியிருக்கிறார்! பார்த்துவிட்டேன். மாரிஸுக்கு மாற்றாத கேபிளை இதற்கு மாற்றியிருக்கிறார்.

அதுவரை லேசாக மனசு உறுத்தியது. அதோடு போயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெ. கண்டுபிடித்துவிட்டார். அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டிகளின் கோளாறைத் தேடித் தேடி, வீட்டிலும் அதே பார்வை.

"இன்னாடி, ரெண்டு மூணு நாளா தனியா சிரிச்சிக்கினு கீறே?"

சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மாதா திருநாளுடி அது. செல்வினுக்குப் பண்றேன்னு மாதாவுக்குப் பண்றியே."

"மாதா பேரைத்தானே அவர் காயலாங்கடைன்னாரு?"

"அது கம்ப்யூட்டர் பேருடி!"

"உங்களுக்கு அது கம்ப்யூட்டர்."

எழுந்து டிவியைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஃபான்ட்டைக் குடுத்துடு. நீ பெரிய மனுஷியா நடந்துக்கோ" என்றார்.

பெரிய மனுஷியாக நடந்து என்ன கண்டேன்? ஒரு கைதட்டல்.

ஆனாலும் ஃபான்ட்டை வேறொரு பென் டிரைவில் போட்டு, கைப்பையில் வைத்திருக்கிறேன். எதற்கும்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

நவநாள் முடிந்து வாசலில் சுண்டல். செ.அ. தானாகவே வந்தார்.

"பிரிசி, எல்லாப் பாட்டும் ஓப்பன் ஆவுது. மூணு நாலு போட்டுப் பார்த்தேன். சூப்பர்."

எந்த மூன்று நாலு என்று கேட்கவில்லை. ஆனால் சத்தியமாக எழுதுகிறேன், கை பைக்குள் போய்விட்டது. பென் டிரைவ் விரலில் பட்டது. வயதானவர், திருநாளுக்காக அலைந்து கறுத்துப் போயிருக்கிறார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அவர் சுண்டலை மென்றுகொண்டே, "ஆமா, உன் பழைய மிஷினை என்ன பண்ணப் போறே? எங்க தெருவுல பேரீச்சம்பழக்காரன் வருவான், அனுப்பட்டா?" என்றார். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

"ஒண்ணுமில்ல அண்ணே, சுண்டல் நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்."

பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

பாஸ்கருக்கு மெசேஜ்: திருநாள் பூசை, திங்கள் சாயந்திரம். அவன் பதில்: வெடி பொம்மை ஒன்று, கை கூப்பிய பொம்மை ஒன்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

லீவு போட்டுவிட்டேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். பொய். எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று திருநாள் பூசை. கூட்டம் வாசலைத் தாண்டி ரோடுவரை. திருமுல்லைவாயல், பாடி, எங்கிருந்தெல்லாமோ. நான் மூன்றாவது வரிசை, ஓரம். பாடகர் குழுவுக்கு வரவில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். திரையை நேராகப் பார்க்க வேண்டும் என்பதால்.

ஃபாதர்கள் பவனியாக உள்ளே வர, ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்க, வருகைப் பாட்டு. செ.அ. விசையை அழுத்தினார்.

வந்தது. திரை நிறைய. ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, மறுபடி எழுத்து. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சத்தமாகப் படித்தார்கள்: "கே... எச்... ஜே... எச்..." ஒரே சிரிப்பு.

அந்த விநாடி இருக்கிறதே. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இனித்தது. உச்சி முதல் பாதம்வரை இனித்தது. செ.அ. அடுத்த பக்கம் போனார். அதுவும் அப்படியே. மூடித் திறந்தார். வேறு பாட்டு போட்டார். அதே. காது சிவந்து, வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பிக் கூட்டத்தில் தேடினார். என்னைத்தான். நான் மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ரொம்ப பக்தியாக.

பாட்டு நிற்கும், ஆர்மோனியம் திணறும், ஃபாதர் திரும்பிப் பார்ப்பார், யாராவது 'பிரிசில்லாவைக் கூப்பிடுங்க' என்பார்கள். இத்தனை நாள் மனசில் ஓட்டிப் பார்த்தது இதைத்தான்.

பாட்டு நிற்கவில்லை.

முதல் வரியைப் பாடகர் குழு பாடியது. இரண்டாம் வரியைக் கோவில் பாடியது. மூன்றாவதை ரோட்டில் நின்றவர்கள் பாடினார்கள். திரையை ஒருத்தரும் பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக ஒவ்வொரு செப்டம்பரும் பாடிய பாட்டு, அவர்களுக்கு எதற்குத் திரை? கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். என் பக்கத்தில் ஒரு அம்மாள், கையில் மெழுகுவர்த்தியும் இடுப்பில் பேரனும், ஒரு சொல் பிசகாமல். சுவர் அதிர்ந்தது. இந்தக் கோவில் இப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை.

நானும் பாடலாம் என்று வாயைத் திறந்தேன். முதல் சரணம் வந்தது. இரண்டாவது வரவில்லை.

ஒவ்வொரு எழுத்தையும் அடித்தவள் நான். ஒற்றுப் பிழை பார்த்தவள் நான். எனக்கு வரவில்லை. இத்தனை வருடமும் மாரிஸைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறேன் போல. கண் தன்னால் திரைக்குப் போயிற்று. கே, எச், ஜே, எச். பழைய ஃபான்ட்டில் அது 'மாதா'.

அந்தப் பக்கம் செ.அ. கை இரண்டையும் மேசைமேல் வைத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மொத்தக் கோவிலும் பாட, வாயை மூடிக்கொண்டு நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.

தேர் பவனி நன்றாக நடந்தது. ஜெ. தேர் தள்ளினார். வீட்டுக்கு வரும் வழியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். துணி காய்ந்துவிட்டது.

ரோஸ்லின் சொன்னாள்: நேற்று பேரவைக் கூட்டத்தில் ஃபாதர், "திரை இல்லாம ஜனங்க எவ்வளவு நல்லா பாடுறாங்க! இனிமே திரையே வேண்டாம். ப்ரொஜெக்டரை ஸ்கூலுக்குக் குடுத்துடுங்க, புது லேப்டாப்பை ஆபீஸ்ல கணக்குக்கு வெச்சுக்கலாம்" என்றாராம். எல்லோரும் கைதட்டினார்களாம்.

மேசையும் எடுத்துவிட்டார்கள். என் மேசை.

சாயந்திரம் செ.அ. போன். எடுக்கலாமா என்று யோசித்து எடுத்தேன்.

"கேட்டியா பிரிசி? ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. அலைஞ்சு திரிஞ்சு வாங்கினவன் நானு."

"அடிச்சவ நானு."

"அதான் சொல்றேன். உன்னையும் ஒரு வார்த்தை கேக்கல பாரு."

திங்கள்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. தெரியும் அவருக்கு. எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. அவரே பேச்சை மாற்றினார்.

"ஃபாதருக்குக் கிறிஸ்துமஸ் பூசையை யூடியூப்ல நேரடியா போடணுமாம். வெளிநாட்டு ஜனங்க பார்க்கணுமாம். நம்ம கோவில் சேனல் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான் அண்ணே. மாரிஸ்ல."

அந்தப் பக்கம் ஒரு இருமல். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மறந்துடுச்சுன்னு சொல்லேன்" என்றார்.

நாளை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறாராம், பேச. வரட்டும். பிஸ்கட் கிடையாது, காபி மட்டும். நாற்காலியை மாரிஸுக்கு எதிரே போட்டுவிட்டேன். முதலில் அதனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். ஃபாதர் விஷயம் அப்புறம்.