தபசுக் காலத்து நாக்கு

அக்கா,

இன்று காலை பதநீர் பொங்கிக் கொதித்தது. எனக்கு வாசனையே வரவில்லை. மூன்று நாளாகச் சளி. "எனக்கு நாக்கு செத்துக் கெடக்குது, நீயே பாருடா" என்று உங்கள் மகனிடம் சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. இதைச் சொல்ல ஒரு காலத்தில் எனக்கு வாய் வரவில்லையே.

நம் பனை சுரக்கிற நேரமும் தபசுக் காலமும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் நீங்கள் இனிப்பைத் தொடமாட்டீர்கள். நாள் முழுக்க வெல்லம் காய்ச்சுகிறவருக்கு இது ஒரு ஒறுத்தலா என்று எனக்குச் சிரிப்பு. "வெத்தலய வுடுங்கக்கா" என்றேன். "வெத்தல மேல எனக்கு ஆசையே இல்ல. அத வுட்டா சாமி சிரிக்கும்" என்றீர்கள்.

அதனால் ஓரகத்தியாக வந்த எனக்கு முதல் வருஷமே பெரிய பதவி கிடைத்தது. காலையில் பதநீர் ஒரு வாய், கொதிக்கையில் பாகு ஒரு துளி. நான் "நல்லாருக்குது" என்றால்தான் கொட்டாங்குச்சிகளில் ஊற்றுவீர்கள். செஞ்சி கடைவீதியில் நம் வெல்லத்தை வாங்குகிறவர் வாயில் போட்டுப் பார்க்காமலேயே எடுத்து வைப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வருஷம் இதே போலச் சளி பிடித்தது. சுத்தமாக ருசி தெரியவில்லை. சொன்னால் பதவி போய்விடுமோ என்று பயம். நான்கு நாள், வாயில் விட்டதையெல்லாம் "நல்லாருக்குது" என்றேன்.

நாலாம் நாள் மத்தியானம் ரசம் ஊற்றினீர்கள். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ரசத்துல உப்பே போடல. நீ இன்னா ஒண்ணும் சொல்லாம சாப்புடற?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் எழுந்துபோய், மறுநாள் கடைக்குப் போக வேண்டிய வெல்லத்தில் ஒன்றை எடுத்தீர்கள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு துண்டைக் கடித்தீர்கள். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு அந்த நாலு நாளும் கூடிப்போயிருந்தது. துப்பிவிட்டு, மொத்தத்தையும் கூடையில் அள்ளி எருக்குழியில் கொட்டினீர்கள்.

"நாலு நாள் மரம் ஏறினது அண்ணி" என்று என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார்.

"ஏறுனது நீதான், இல்லன்னு யாரு சொன்னது. திங்கப்போறது சின்னக் கொழந்தைங்க. சுண்ணாம்ப கொஞ்சம் பாத்துத் தடவு" என்றீர்கள். என் பேச்சையே எடுக்கவில்லை. அன்றும் எடுக்கவில்லை, சாகும்வரை யாரிடமும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கிணற்றடியில் நின்று அழுதேன்.

ஈஸ்டர் அன்று எல்லோர் கையிலும் பாயசம். நீங்கள் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். கேட்டதற்கு, "நடுவுல ஒரு நாள் கொறஞ்சிட்டுதே. இன்னிக்கு அத முடிச்சுடறேன்" என்றீர்கள். நான் கையிலிருந்த பாயசத்தைக் கீழே வைத்தேன். "குடி, ஆறிடப்போவுது" என்று அதட்டினீர்கள். குடித்தேன். சளி விட்டு ருசி திரும்பியிருந்தது.

மறுநாள் காலையில் முதல் பாகு பதத்துக்கு வந்தது. உங்கள் ஒறுத்தல் முடிந்துவிட்டது. இனி நீங்களே ருசி பார்க்கலாம். எனக்கு இனி இங்கே வேலையில்லை என்று தள்ளியே நின்றேன். நீங்கள் அகப்பையை ஊதி ஆற்றி, என் பக்கம் நீட்டினீர்கள்.

"இன்னா பாக்கற? சொல்லு."

அதற்குப் பிறகு ருசி தெரிந்தால்தான் தெரியும் என்று சொல்கிறேன், அக்கா.