உன் பெண்டாட்டி நடிக்கவில்லை

தம்பி,

நான்கு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. உன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மாற்றுத்துணி எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தேன்.

காலையில் குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கியவள் மூச்சு வாங்கிக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருமாம். "ஒரு மாசமா கால் வீங்கியிருக்கு, படுத்தா மூச்சு முட்டியிருக்கு. வீட்டுல யாரும் பாக்கலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நீ நடிப்பு என்றாய். "ஊர்ல வேற யாரும் பிள்ளை பெத்துக்கலையா?" என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

குழந்தை எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கிறாள். போய் வாங்கிக்கொள். இப்போதைக்குப் புட்டிப்பால்தான். பால்பவுடர் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கலக்கத் தெரியாவிட்டால் டப்பாவில் படம் போட்டிருக்கிறான், பார்த்துக்கொள்.

அக்கா

பி.கு.: அவசரமென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஓர் இடம் இருந்தது. உன் பெயரை எழுதப் போனேன். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னாள்: "வேண்டாம் அண்ணி. அவரு நம்பமாட்டாரு."