அந்த மெட்டு என்னுடையது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் தொண்டை எப்படி இருக்கிறது? பாடி முடித்ததும் ஐஸ் தண்ணீர் குடிக்காதே என்றால் கேட்கவா போகிறாய். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உன் பாட்டைப் போனில் வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி விட்டுக்கொண்டுதான் தைக்கிறார், எனக்கு ஒரே பெருமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடவேண்டும் என்று நீ அனுப்பிய பாட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தை, பிரஸ்ஸில் நான் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிற வழக்கப்படி கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் படித்தேன். முதல் பக்கத்திலிருந்து போனால் இனிப்பான வார்த்தைகளில் கண் வழுக்கிவிடும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது சங்கதி. உன் பாட்டெல்லாம் காலம் உள்ளவரை அவர்களுக்கே சொந்தமாம், நீயே அதை வேறு இடத்தில் பதிவு செய்வதென்றாலும் அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! பெற்றவள் நானே உன்மேல் அப்படி உரிமை கொண்டாடியதில்லை. அப்பா, "பெரிய கம்பெனி, எல்லாரும்தான் போடுறாங்க, நீ ஏன் குட்டையைக் குழப்புற" என்றார். எல்லாரும் என் வயிற்றிலா பிறந்தார்கள் என்று கேட்டேன், டீயை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நூலகத்துக்காரம்மாவைப் பிடித்துப் பாட்டுத் தொழில் பற்றிய புத்தகங்களாகத் தேடிப் படித்தேன். ஒரே மாதத்தில் நட்சத்திரம் ஆகலாம் என்ற ஒன்றைப் பத்துப் பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன், சுத்தப் பிதற்றல். பாட்டு உரிமை பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை உனக்கும் வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஒப்பந்தம் பற்றிய பகுதியை மட்டுமாவது படி. கூடவே இசைக்கலைஞர் சங்கத்தின் சின்னக் கையேடும் இருக்கிறது. உன்னைப் போன்ற உறுப்பினர்களின் ஒப்பந்தத்தைச் சங்கத்து வக்கீலே படித்துப் பார்த்துச் சொல்வாராம், நம்பரைச் சிவப்புப் பென்சிலால் சுற்றியிருக்கிறேன்.

அந்தத் தடித்த புத்தகம்தான் என் கண்ணைத் திறந்தது. ஒரு பாட்டை எத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கினார்களோ, அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டாம். உன் மூன்றாவது பாட்டு தொடங்குகிற மெட்டு யாருடையது? புரூஃப் பார்க்கும்போது கண் சொக்காமலிருக்க நான் வாய்க்குள் முணுமுணுப்பது. பள்ளிவிட்டு வந்து என் மேஜைக்கடியில் வீட்டுப்பாடம் எழுதியபோது பிடித்துக்கொண்டாய். பாட்டு வந்த அன்றைக்கு நீயே போனில், "இது உன்னோடதும்மா" என்று சொன்னாய், நான் பூரித்துப்போனேன். கம்பெனி ஆசைப்படுவதும் அந்தப் பாட்டுக்குத்தான் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் ஒப்பந்தமோ எல்லாம் நீ ஒருத்தியே போட்டது என்று உன்னை உறுதிமொழி எழுதித்தரச் சொல்கிறது. பொய் எழுதாதே.

மற்றப் பாட்டுகள் உன்னுடையவை, உன் இஷ்டம். மூன்றாவதற்கு அவர்கள் என்னிடமும் வந்தாக வேண்டும், நான் கையெழுத்துப் போட மாட்டேன். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது, எனக்குத் தெரியும். பழியை என்மேல் போடு. "எங்கம்மா ஒரு பிடிவாதக்காரி, என்ன சொன்னாலும் மசியமாட்டா" என்று சொல்லிவிடு. காலம் உள்ளவரை என்பதை அடித்துவிட்டுச் சில வருஷம் என்று எழுதட்டும், உனக்கு முந்தி நான் பேனாவை எடுக்கிறேன்.

நன்றாக இரு கண்ணு. வாய் நிறையப் பாடு, எவனுக்கும் தலை குனியாதே. வக்கீலுக்குப் போன் பண்ண மறக்காதே, ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. இப்போதைக்கு இந்தக் கடிதத்தில் மட்டும்தான் என் கையெழுத்து.

இப்படிக்கு,
மூன்றாவது பாட்டின் பங்குக்காரி,
உன் அம்மா