இறக்கு என்று நீங்கள் சொன்னது

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் சொல்லி உங்களை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இஞ்சாருங்கோ என்றுதான். கடிதத்திலும் வாய் வரவில்லை. நீங்கள் முதலில் கேட்கப் போவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கார் ஓடுகிறது. பிள்ளைகளும் நல்ல சுகம். இந்த ஒழுங்கில்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

வெளிநாடு போன எஞ்சினியரிடம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்த அன்று, இரண்டு பேர் இருக்கிற காரில் நாலு பேர் எப்படிப் போவது என்று கேட்டேன். ஆறு சிலிண்டர் என்றீர்கள். நான் கேட்டது என்ன, நீங்கள் சொன்னது என்ன? அந்த ஆறு சிலிண்டரின் உதையில் சொந்த கியர்பொக்ஸ் போய்விட, பழைய ஒஸ்ரின் காருடையதைப் பூட்டினீர்கள். அது ஒரு மாரிகூடத் தாங்கவில்லை. உள்ளே பல்லெல்லாம் கொட்டுண்டு போயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு கதை இருந்ததா? உங்களோடு கராஜில் வேலை செய்த மரியதாசின் கொட்டிலில் இரண்டு கியர்பொக்ஸ் கிடந்தன. ஒன்று ஜப்பான் வானுடையது, ஐந்து கியர். எஞ்சினோடு பொருத்த ஒரு இரும்புத் தகடு வெட்டினால் போதும். மற்றது பழைய ஜீப்புடையது, நாலு கியர். பிணப் பாரம். அதற்குக் காரின் தரையை வெட்ட வேண்டும், பின் சில்லுக்குப் போகிற தண்டைக் கட்டையாக்க வேண்டும். ஆனால் முதலாம் கியரில் எந்தச் சேற்றிலும் இழுக்கும் என்றான் மரியதாஸ். சண்டையால் பாதை மூடி, வவுனியாவிலிருந்து ஒரு நட்டைக்கூட ஆமி உள்ளே வரவிடாத காலம். மூன்றாவதாகத் தேட வழியில்லை.

நீங்கள் ஐந்திலேயே நின்றீர்கள். பாதை திறக்கும், பெற்றோல் வரும், ஐந்தாவதில் போட்டால் கிளிநொச்சியிலிருந்து ஓமந்தைக்கு ஒரே மூச்சு என்றீர்கள். கார் குடித்துக்கொண்டிருந்ததோ மண்ணெண்ணெய். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணினால், மூன்றாவதிலேயே இருமும். எனக்கு உங்களில் கோபம்தான். ஆனாலும் நீங்கள் ஓமந்தை என்று சொல்லுகிற நேரத்தில் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

முடிவு எடுக்க முதல் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த நாள் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது. நல்ல மழை. என் தம்பி ஜெயத்தின் உழவு இயந்திரத்தில், பின் பெட்டியில் வைக்கல் போட்டு, உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பூநகரி றோட்டின் சேற்றில் இயந்திரம் முக்கி முனகியது. கண்ணை மூடிக் கிடந்த நீங்கள் திடீரென்று, "இறக்கு... இறக்கடா" என்றீர்கள்.

குலுக்கல் தாங்க முடியவில்லை என்று தம்பி நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிறுத்தி, உங்களைத் தூக்கி ஒரு மருதமரத்தின் கீழ் இறக்கிப் படுக்க வைத்தோம். நீங்கள் கையை உதறினீர்கள், கோபமாகப் பார்த்தீர்கள். திரும்ப ஏற்றியபோது சில்லு புதைந்துவிட்டது. வயலில் நின்ற சனம் வந்து தள்ளித்தான் எடுத்தோம். அடுத்த நாள் நீங்கள் போய்விட்டீர்கள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, முந்தி வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது என்று டொக்டர் சொன்னார். அதை நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

காரை இரும்புக்குக் கொடுத்துவிடு என்றான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்துக்கு பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நோயாளிகளை ஏற்றி வாடகைக்கு ஓடினால் நாங்களும் சாப்பிடலாம். தம்பியின் உழவு இயந்திரத்தில் வைத்து மரியதாஸ் எனக்கு ஓட்டப் பழக்கினான். உங்கள் ஆசைப்படி ஐந்து கியரையே பூட்டச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டினான்.

சோதித்துப் பார்க்க, நோயாளியின் பாரத்துக்கென்று ஒரு நெல்லு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனோம். சேறு கண்ட இடத்தில் கார் நடுங்கியது. பக்கத்தில் இருந்த மரியதாஸ், "இறக்குங்கோ அக்கா, இறக்குங்கோ" என்றான். நான் காரை நிறுத்தி, இறங்கிப் போய், மூட்டையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அவன் தலையில் கை வைத்தான். "மூட்டையை இல்லையக்கா, கியரை. மற்றவங்கள் கியரைக் குறை எண்டுவாங்கள். உங்கடை மனிசன் எப்பவும் இறக்கு எண்டுதானே சொல்லுறவன், எனக்கும் அதுதான் வாயிலை வருது."

இஞ்சாருங்கோ, நான் அந்த மூட்டையில் அப்படியே இருந்துவிட்டேன். குளறி அழுதேன். என்னவென்று தெரியாமல் பயந்துபோன அவனுக்கு மருதமரத்துக் கதையைச் சொன்னேன். கேட்டு முடிய, "எஞ்சின் படுற பாடு அவனுக்குக் கேட்டிருக்கும்" என்றான். சாகக் கிடந்தும் உங்கள் காது எஞ்சினில்தான் இருந்திருக்கிறது. உங்களை என்ன செய்வது?

"ஜீப்பின்ரையைப் பூட்டுங்கோ. தரையை வெட்டுங்கோ" என்றேன். ஓமந்தைக்கு ஒரே மூச்சில் போகமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. உங்கள் கடைசிச் சொல்லைத்தான் கேட்டு நடக்கிறேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேணுமோ?

பக்கத்துச் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருக்கிறேன். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். போன கிழமை ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினேன். அதே றோட்டு, அதே சேறு. தலைமாட்டில் ஒடுங்கியிருந்த அவளுடைய மாமியார், "ஐயோ, இறக்கு பிள்ளை, இறக்கு" என்று கத்தினா.

நான் நிறுத்தவில்லை. "ஆரையம்மா? ஆளையோ, கியரையோ?" என்று கேட்டேன். அவா மருமகளின் தலையைப் பிடித்துக்கொண்டா. கியரை இறக்கினேன். கார் மருதமரத்தைக் கடந்து போனது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

இனி எங்கள் காரில் ஏறுகிற எவரையும் பாதி வழியில் இறக்கமாட்டேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

கேட்டுவிட்டு இறக்குகிற,
உங்கள் மனிசி பவளம்