ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

உடையார்கட்டு
12.05.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராஜினி மச்சாளுக்கு,

நானும் பிள்ளையும் உங்கள் தம்பியும் சுகம். உடம்பைப் பற்றித்தான் சுகம் என்று எழுதுகிறேன். மற்றதைச் சொல்லத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நீங்கள் குவைத்திலிருந்து போன் எடுக்கும் நேரமெல்லாம் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். தண்ணீரூற்று ஞானேஸ்வரி அக்கா லீவு முடிந்து உங்கள் பக்கம் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

மாமாவுக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டதாம். கிளிநொச்சி கிளினிக்குக்கு அடுத்த கிழமை கூட்டிப்போக வேண்டும். குளத்தில் தண்ணீர் இருப்பதால் சிறுபோகம் விதைத்திருக்கிறார்கள். குரங்குகள் பப்பாசியில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி வேலை செய்யும் அப்புத்துரை ஐயாவின் ஹாட்வெயார் கடையைத் தை மாதம் தொடக்கம் ஞாயிறிலும் திறக்கிறார்கள். வீடு கட்டுகிற உத்தியோகத்தர்கள் ஞாயிறில்தான் சாமான் வாங்க வருகிறார்களாம். ஐயா அன்றைக்குக் கண்டாவளையில் உள்ள தன் வயலுக்குப் போய்விடுவார். அவருக்குப் பதிலாகப் பில் எழுத ஞாயிறுக்கு மட்டும் மேனுகா என்று ஒரு பிள்ளையை வைத்திருக்கிறார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஆக, சந்தியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் நாளில் அந்தக் கடைக்குள் உங்கள் தம்பியும் அவளும் மட்டும்.

நான் சந்தேகக்காரி இல்லை, மச்சாள். ஆனால் கண் இருக்கிறதே. ஆறு நாளும் சீமெந்துத் தூசி படிந்த பழைய சேட்டோடு போகிறவர், ஞாயிறென்றால் முகம் வழித்து, நீங்கள் அனுப்பிய நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு போகிறார். இரவு சாப்பிடும்போது ‘மேனுகா சொன்னவ’ என்று ஏதாவது ஒன்று வரும். ஒருநாள் நான் கட்டிக்கொடுத்த சோறு பாதியோடு திரும்பி வந்தது. கேட்டேன். “மேனுகா புட்டுக் கொண்டு வந்தவ. கொஞ்சம் சாப்பிட்டனான்” என்றார். கொஞ்சம்தானாம்!

போன ஞாயிறு, பைப்புக்கு வாஷர் வாங்கப் போகிற சாட்டில் நானே கடைக்குப் போனேன். தெருவில் வரும்போதே கேட்டது. அவர் சிரிக்கிறார். பெயின்ற் வாளிகளில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். கல்யாணம் கட்டி ஐந்து வருஷத்தில் அவர் புன்னகைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. நான் உள்ளே கால் வைத்ததும் இருவரும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சிரித்ததைவிட அந்த நிறுத்தம்தான் என்னைச் சுட்டது. “வாங்கோ அக்கா, இருங்கோ” என்று அவள் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். என் புருஷன் நிற்கிற இடத்தில் எனக்கு உபசாரம்! நான் இருக்கவில்லை. வாஷரை வாங்கவும் மறந்து வந்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் வர்த்தகர் சங்கம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைக்கிறது. ஞாயிறில் கடை திறப்பதா, பூட்டுவதா என்று ஊர்ச் சனத்தையும் கேட்கப் போகிறார்களாம். ஞாயிறு காலைக் கோயில் அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரத் தகப்பன்மார் இல்லை என்று அங்கு படிப்பிக்கிற ரீச்சர் பேசப் போகிறார். நானும் பேசப் போகிறேன். ஆறு நாள் மாடு மாதிரி உழைக்கிற மனுசருக்கு ஒரு நாளாவது வீடு வேண்டும், பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும் என்று சொல்லப் போகிறேன். இதில் ஒரு சொல்லாவது பொய்யா, சொல்லுங்கள் மச்சாள்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் மொட்டை மாடி கழுவ விட்டால் தலையில் ஈரத்துணி போடுங்கள்.

உங்கள் அன்பு மச்சாள்
சுரேகா


உடையார்கட்டு
22.07.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமாவின் கண்ணுக்கு ஆவணியில் சத்திரசிகிச்சை என்று திகதி தந்திருக்கிறார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லையாம்.

நான் அவ்வளவு எழுதியும் நீங்கள் ஒன்றைத்தான் கேட்டிருந்தீர்கள். ‘என்ர தம்பி சத்தமாச் சிரிச்சவனோ? அம்மா செத்ததுக்குப் பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை’ என்று. அதை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். கோபம்தான், மறைக்கவில்லை. அவர் சிரித்தது உங்களுக்குச் சந்தோஷம். யாரோடு சிரித்தார் என்பது எனக்கல்லவா நோகிறது?

கூட்டத்தில் பேசினேன். என் குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. உங்களைப் பற்றியும் சொன்னேன். “என்ர மச்சாள் குவைத்தில ஒரு வீட்டில நிக்கிறா. அவாக்கு வெள்ளியும் இல்லை, ஞாயிறும் இல்லை. வெளிநாட்டில படுற பாட்டை எங்கட ஊரிலயும் கொண்டு வரப் போறீங்களோ?” என்று கேட்டேன். மண்டபமே கை தட்டியது. அப்புத்துரை ஐயா குனிந்துகொண்டு இருந்தார். ஆனி தொடக்கம் ஞாயிறில் ஒரு கடையும் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை பெண்கள் என் கையைப் பிடித்தார்கள் தெரியுமா! அவர் மட்டும் முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முதல் ஞாயிறு ஊர்க்கோழி வாங்கிச் சமைத்தேன். சாப்பிட்டார், படுத்தார். அடுத்த ஞாயிறு வேலி கட்டினார். அதற்கடுத்த ஞாயிறு தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனவர் மைமல் இருட்டில்தான் வந்தார். மீனும் இல்லை. என்ன கேட்டாலும் ‘ஓம்’, இல்லாவிட்டால் ‘ம்’. அவளிடமிருந்து அவரைப் பிரித்தேன். என்னிடம் கொண்டுவர முடியவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பின்னேரம் வேலிப் படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பார்த்தால் மேனுகா. அவர் வளவின் பின்பக்கம் விறகு கொத்திக்கொண்டிருந்தார். அவரைத் தேடித்தான் வந்தாளாக்கும் என்று நினைத்தேன். அவள் அவர் பெயரையே எடுக்கவில்லை. “உங்களிட்டத்தான் வந்தனான் அக்கா” என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கூட்டத்தில நீங்க கதைச்சதைக் கேட்டனான். எல்லாம் சரி. ஆறு நாள் கடையில நிக்கிற ஆக்களுக்கு ஒரு நாள் வீடு வேணும்தான். ஆனா நான் ஆறு நாளும் வீட்டில நிக்கிறன் அக்கா. சண்டைக் காலத்தில செல் பட்டு அப்பாக்கு இடுப்புக்குக் கீழ இயக்கமில்லை. திருப்பிப் போடுறது, துடைக்கிறது, சோறு தீத்துறது எல்லாம் நான்தான். தம்பி வவுனியாவில வேலை, ஞாயிறில மட்டும்தான் வந்து பாப்பான். அண்டைக்கு மட்டும்தான் நான் படலையைத் தாண்டுவன். மற்ற ஆக்களுக்கு லீவு எண்டா வீடு. எனக்கு லீவு எண்டா அந்தக் கடைதான்.”

பிறகு, “நீங்க சொன்னா ஊர் கேக்கும் அக்கா. ஐயாவோட ஒருக்காக் கதைப்பீங்களோ?” என்று கேட்டாள்.

மச்சாள், அவள் வேலையைப் பறித்தவள் நான். என்னை நம்பி என்னிடமே கேட்க வந்திருக்கிறாள். பின்னால் கோடரிச் சத்தம் நின்றுவிட்டது. அவர் வருவார், வந்து அவளுக்காக ஒரு சொல் சொல்வார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் வரவில்லை. வந்திருந்தாலும் எரிந்திருப்பேன். வராததற்கும் எரிந்தேன்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதை அவசரமில்லாமல் குடித்துக்கொண்டு என் வளவை, ஆட்டை, காயப்போட்ட உடுப்பை எல்லாம் சுற்றுலா வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். “பாப்பம்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவள் போன பிறகு அவர் வந்து, “என்னவாம்?” என்றார். வேலை கேட்டு வந்தாள் என்றேன். “நீதானே பூட்ட வைச்சனி” என்றார். இத்தனை ஞாயிறுக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முழு வசனம் அதுதான்.

என்ன செய்யட்டும் மச்சாள்? அவளுக்கு ஞாயிறைத் திருப்பிக் கொடுத்தால் அவரையும் சேர்த்தல்லவா கொடுக்க வேண்டும்? மறுமொழி போடுங்கள். காத்திருக்கிறேன்.

சுரேகா


உடையார்கட்டு
14.10.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

மாமா இப்போது தெருவில் போகிற ஆளை முகம் பார்த்துச் சொல்கிறார். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘நீ கறுப்பாத்தான் இருக்கிறாய்’ என்று சிரித்தார். மழை தொடங்கிவிட்டது. உங்கள் அறைக் கூரையில் நான்கு ஓடு மாற்றினோம்.

நீங்கள் எனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு விருந்தாளிகள் வருவதால் வேலை இரட்டிப்பாம், ஆனால் உதவிக்கு ஒரு கேரளத்து அக்கா வருவாராம். ‘அவவோட கதைச்சுக் கதைச்சுப் பாத்திரம் கழுவுறதுதான் எனக்குக் கிழமையில ஒரே சந்தோசம். ஓய்வெடு எண்டு என்னை அறைக்குள்ள தனிய விட்டா அழுதுபோடுவன்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த மண்டபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் நான்.

கடிதம் வாசித்த அடுத்த நாளே அப்புத்துரை ஐயாவிடம் போனேன். “பிள்ளை, பூட்டச் சொன்ன ஆள் நீங்கள். நான் தனியத் திறந்தா மற்றக் கடைக்காரர் என்னைத் திண்டுபோடுவினம். கூட்டத்தில வந்து நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

போய்ச் சொன்னேன். இந்த முறை குரல் நடுங்கியது. புடவைக்கடைச் சின்னராசா எழும்பி, “அண்டைக்குப் பூட்டு எண்டனீங்கள், இண்டைக்குத் திற எண்டுறீங்கள். உங்கட வீட்டு வசதிக்கோ சந்தை நடக்கிறது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். போன முறை என் கையைப் பிடித்த பெண்களும் சிரித்தார்கள். அவர் சும்மா கேட்டாரோ, தெரிந்து கேட்டாரோ, எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கதிரையில் இருந்துவிடவில்லை. “ஆறு நாள் நிக்கிற ஆளை ஏழாம் நாளும் கூப்பிடாதேங்கோ. அதில மாற்றமில்லை. ஆனா ஞாயிறில மட்டும் வர ஏலுமான ஆக்களும் இருக்கினம். அவையள் விரும்பி வந்தா, அதைத் தடுக்க நாங்கள் ஆர்?” என்றேன். மேனுகாவின் பெயரையோ அவள் அப்பாவின் நிலையையோ அங்கே நான் எடுக்கவில்லை.

நெடுநேரம் சண்டை பிடித்தார்கள். கடைசியில், விரும்பினவர்கள் ஞாயிறு மத்தியானம் வரைக்கும் திறக்கலாம், ஆறு நாள் வேலை செய்கிறவரை அன்றைக்கு வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அப்புத்துரை ஐயா தலையைச் சொறிந்துகொண்டு, “அப்ப உங்கட மனுசன் சஜீவன் வர ஏலாது. மேனுகாவோட ஆர் நிண்டு சாமான் எடுத்துக் குடுக்கிறது?” என்று கேட்டார். “நான் நிக்கிறன்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவளுக்கு உதவவா சொன்னேன், இல்லாவிட்டால் அந்த இடத்தில் நானே போய் நின்றுகொண்டால் நிம்மதி என்றா சொன்னேன்? என்னைக் கேட்டால் இரண்டும்தான். உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன்.

முதல் ஞாயிறு அவளோடு அளவாகத்தான் கதைப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மச்சாள், அந்தப் பிள்ளை கடைக்கு வருகிற ஆட்களைப் போலவே நடித்துக் காட்டுகிறாள்! கதவுக்கு அளவெடுக்காமல் வந்து ‘என்ர மனுசி நிமிந்து போற அளவு’ என்று கேட்ட உத்தியோகத்தர் ஒருவர். எந்தப் பெயின்ற்றையும் மோந்து பார்த்துத்தான் வாங்குகிற மேசன் ஒருவர். நான் ஆணிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டேன், அவ்வளவு சிரிப்பு. இதற்குத்தானா நான் ஒரு ஊரையே பூட்ட வைத்தேன்?

அன்றிரவு அவரைக் கேட்டேன், இந்தக் கதைகளை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை என்று. “மேனுகா எண்டு தொடங்கினாலே உன்ர முகம் மாறும். பிறகு எங்க சொல்லுறது?” என்றார்.

இப்போது ஞாயிறில் அவர்தான் பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்து அறநெறிக்குக் கூட்டிப்போகிறார். சோறும் காய்ச்சி வைக்கிறார், கொஞ்சம் குழைந்துவிடும். நான் வந்து கை கழுவுவதற்குள் கேள்வி தொடங்கிவிடும். ஆர் வந்தது, அந்த மேசன் வந்தவனோ, மேனுகா என்ன சொன்னவள், நீங்கள் இரண்டு பேரும் என்னத்துக்குச் சிரிச்சனீங்கள். போன கிழமை, “எனக்குத்தான் ஒண்டும் தெரியாமல் போகுது” என்று பிள்ளையிடம் குறைப்பட்டார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பாவம் என்றும் இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் கூட. ஒரு கதையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை அடுத்த நாளுக்கு மிச்சம் வைக்கிறேன்.

ஆனாலும் எரிச்சல் முழுதாகப் போய்விடவில்லை, மச்சாள். அவர் உங்களோடு போனில் வேலிப் பக்கமாக நடந்து நடந்து கதைப்பாரே, அதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். என்னோடு கதைக்க ஏன் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார் என்று நினைப்பேன். இதை நீங்கள் குறையாக எடுக்கக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் எழுதியதை அவரிடம் சொல்லாதீர்கள். அடுத்த முறை போன் எடுக்கும்போது அவர் என்னைப் பற்றிக் குறை சொன்னால் மறிக்காமல் கேளுங்கள். நன்றாகக் குறை சொல்லட்டும். சொல்லி முடிந்ததும், “இதை அவளிட்டயே சொல்லு தம்பி, அவள் கேப்பாள்” என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் மூத்தவர். நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் நல்லபடி அமைய வேண்டும். அந்தக் கேரளத்து அக்காவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

எப்போதும் உங்கள்
சுரேகா