ஒரு நெல்லு ஏத்து

மாமி,

இன்று விடிய மழைக்குள் காரை எடுத்தேன். இடப்பக்கக் கண்ணாடியை ஏற்ற சுவிச்சை அமத்தினால், பாதியில் "கறக்" என்று ஒரு சத்தம். முன்மூலை கதவுக்குள் சரிந்துவிட்டது, பின்மூலை மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதே கதவு, அதே கண்ணாடி, அதே நோக்காடு. கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டுக் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். உள்ளேயிருந்து பழைய றப்பர் மணத்தோடு முகப்பவுடர் மணமும் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகுமா என்று அப்படியே நின்றேன். தலை முழுக்க நனைந்த பிறகுதான் புத்தி வந்தது. ஸ்பானரை வைத்துவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி சரிந்தபடி கிடக்கட்டும், அதற்கென்ன அவசரம்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே சிரித்திருப்போம். நமக்குள் பேச்சு வார்த்தையே பஞ்சம். நீங்கள் அடம் பிடித்தவர், நானும் இலேசுப்பட்டவள் இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மகளுக்கு வீட்டைக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு எடுத்து, தாய் மகளோடிருந்து கண்ணை மூடுவாள். நாவலடியில் நீங்கள் கட்டிய வீட்டை உங்கள் மகளுக்கு, என் மச்சாளுக்கு, சீதனமாகக் கொடுத்துவிட்டு அவளோடு இருந்தீர்கள். உங்கள் மகன் என்னைக் கட்டிக்கொண்டு குருமண்வெளியில் என் வீட்டுக்கு வந்தார். வருடப் பிறப்புக்கு ஒரு தரம், மண்டூர்த் திருவிழாவுக்கு ஒரு தரம் நீங்கள் வந்து போவீர்கள். அவ்வளவுதான் நம் உறவு.

கடல் வந்த அன்று நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தது தற்செயல். என் மகளுக்குக் காய்ச்சல், உங்கள் மகன் கட்டாரில். "ஒரு ராவைக்கு நிண்டுத்து வாறன்" என்று மச்சாளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் நாவலடியில் கடல் ஊருக்குள் ஏறியது. மச்சாளும் புருசனும் இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டு வானில் ஏறியிருக்கிறார்கள். வான் ஒழுங்கையைத் தாண்டும் முன் தண்ணீர் பிடித்துக்கொண்டது. கரண்டில் இறங்கும் கண்ணாடிகள். தண்ணீர் புகுந்ததும் ஒன்றும் இறங்கவில்லை. பிறகு அந்தக் கண்ணாடியை உடைத்து அவர்களை வெளியே எடுத்த ஆள், செத்தவீட்டில் வந்து உங்கள் முன்னால் குந்தியிருந்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் அவன் மேல் எனக்குக் கோபம்தான்.

அதற்குப் பிறகு போக்கிடம் இல்லாமல் என் வீட்டில் தங்கினீர்கள். "மகள்ற ஊடுதான் தாய்க்கு ஊடு. இஞ்ச நான் வந்த ஆள்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். குசினிக்குள் ஒரு கோப்பையைக்கூட என்னைக் கேட்காமல் எடுக்கமாட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உங்கள் மகன் கட்டாருக்குப் போகுமுன் வாங்கி விட்டுப்போன பழைய கார் முற்றத்தில் நின்றது. நான்தான் ஓட்டுவேன். ஒரு நாள் உங்களை ஏறச் சொன்னேன். கதவைத் திறந்தீர்கள், சுவிச்சைப் பார்த்தீர்கள்.

"இதுவும் கரண்டுக் கண்ணாடியா புள்ள?"

"ஓம் மாமி."

கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டீர்கள். அதோடு சரி, ஒன்றரை வருடம் அந்தக் காரில் நீங்கள் கை வைக்கவில்லை.

அந்தச் சண்டைக் காலத்து பஸ் பயணத்தை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. சோதனைச்சாவடிக்குச் சாவடி எல்லோரும் இறங்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும், வரிசையில் நடந்துபோய் அந்தப் பக்கத்தில் திரும்ப ஏற வேண்டும். உங்களுக்கு முழங்காலில் வீக்கம், நெஞ்சில் நோய். கிளினிக் போகும் வழியில் ஒரு நாள் வெயிலுக்குள் வரிசையிலேயே விழுந்துவிட்டீர்கள். ஆசுப்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இரண்டு கிழமைக்கு ஒருக்கா இவவைக் கொண்டுவர வேணும். விட்டீங்களெண்டா ஆள் தங்காது" என்றார்.

பஸ்ஸில் இனி ஏலாது. காரில் நீங்கள் ஏறமாட்டீர்கள். நான் என்ன செய்ய? கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், உங்கள் மகனை டெலிபோனில் அழவும் வைத்தேன். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தீர்கள்.

"எனக்குப் பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கிக் கிடந்தா வாறன்."

அந்தக் கண்ணாடிதான் அப்போது ஒரு மாதமாகப் பாதியில் சரிந்து நின்றது, ஏறவுமில்லை இறங்கவுமில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், எனக்கோ கண்ணாடியே கோணல். கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன். "மோட்டர் செத்துப்போச்சு. சாமான் கொழும்பால வரவேணும்" என்றார். நல்ல மனிதர். மழைத் தண்ணி உள்ளே போகக்கூடாது என்று கண்ணாடியை மேலே இழுத்து, கதவுக்குள் ஒரு பலகைத் துண்டை இறுக்கி அடித்து, பூட்டித் தந்தார்.

கிளினிக் நாள் விடிய வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தீர்கள். மூடிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தீர்கள். திரும்பி உள்ளே போய்ச் சேலையை மாற்றிவிட்டீர்கள். நான் ஸ்டியறிங்கில் தலையை வைத்து அழுதேன். உங்களுக்காக அழுதேனா, ஆத்திரத்தில் அழுதேனா, தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கதவைக் கழற்ற உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை பெற்றோல் அடிப்பது மட்டும்தான். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, உள்பலகையைத் தட்டகப்பைக் காம்பால் நெம்பினேன். "டக் டக்" என்று இரண்டு கிளிப் உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் வெளியே வந்தீர்கள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தீர்கள். பிறகு, "சுவிச்சப் போடு பாப்பம்" என்று கதவில் காதை வைத்தீர்கள். போட்டேன். உள்ளே ஒரு முனகல்.

"அந்தாள் என்ன செத்துப்போச்செண்டு சொன்ன? உள்ளுக்கு உயிர் இரிக்கு."

மண்டூர் முருகா! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பலகைத் துண்டை இழுத்து எறிந்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தோம். கண்ணாடியின் அடியில் நீளமாக ஒரு தகடு, தகட்டில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஓடும் இரண்டு சின்ன உருளைகள். முன் உருளை பள்ளத்தை விட்டு வெளியே கிடந்தது. தகட்டைக் கண்ணாடியோடு பிடிக்கும் நட்டு இரண்டும் இளகியிருந்தன. வயலில் வளர்ந்த உங்களுக்கு இதெல்லாம் ஒரு விசயமா?

"இது வாய்க்கால் புள்ள. தண்ணி வாய்க்கால விட்டுத்து வெளிய பாயுது. திருப்பி உள்ளுக்கு விட்டாச் சரி."

உருளையை உள்ளே விட்டோம். இனிக் கண்ணாடியை நேராக நிறுத்தி நட்டை இறுக்க வேண்டும். நீங்கள் வெளியே நின்று இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்த்தீர்கள். நான் உள்ளே, இடக்கையால் கண்ணாடியை ஏந்திக்கொண்டு வலக்கையில் ஸ்பானர்.

"நெல்லு!" என்றீர்கள்.

நில்லு என்கிறீர்கள் என்று அப்படியே நிறுத்தி நட்டை இறுக்கினேன். சுவிச்சைப் போட்டால் கண்ணாடி சரிந்துதான் ஏறியது. திரும்ப இளக்கினேன். திரும்பவும் "நெல்லு, நெல்லு!" திரும்பவும் நிறுத்தி இறுக்கினேன். திரும்பவும் கோணல். மூன்றாம் தரமும் அதே கதை. என் கையெல்லாம் கிறீஸ், தகட்டில் கிழிந்து பெருவிரலில் இரத்தம்.

"நில்லு எண்டுறீங்க, நிக்கிறன். மறுகா கோணல் எண்டுறீங்க. என்னதான் செய்யச் சொல்லுறீங்க மாமி?"

"நான் எங்க நில்லு எண்டன்? நெல்லு புள்ள, நெல்லு! முன்பக்கம் ஒரு நெல்லுத் தாழ்ந்திரிக்கு. ஒரு நெல்லு ஏத்து எண்டுதான் தொண்ட கிழியக் கத்துறன்!"

வயல் வட்டைக்குள் வரம்பு கட்டும்போது உங்கள் ஆட்களின் அளப்பு நெல்மணிக் கணக்கில்தானாம். ஒரு நெல்லு உயர்த்து, இரண்டு நெல்லுத் தாழ்த்து என்று. கந்தோரில் அடிமட்டம் பிடிக்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? கதவின் அந்தப் பக்கம் நீங்கள் முறைக்கிறீர்கள், இந்தப் பக்கம் நான் முறைக்கிறேன், நடுவில் கண்ணாடி. முதலில் உங்கள் வாய்தான் கோணியது. பிறகு சிரிப்பு. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்க, நிலத்தில் குந்திச் சிரித்தீர்கள். கடல் வந்த பிறகு உங்கள் பல்லை அன்றைக்குத்தான் கண்டேன். நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது.

"கரம் போட்டுக்குப் பவுடர் போடுறாங்கதானே, காய் வழுக்க" என்று நீங்களே போய் என் மகளின் முகப்பவுடரைக் கொண்டுவந்து, சீலைத்துண்டில் தொட்டுக் கண்ணாடி ஓடும் றப்பர் முழுவதும் தடவினீர்கள். ஒரு நெல்லு ஏத்தி இறுக்கினேன். சுவிச்சைப் போட்டேன். ஏறியது, இறங்கியது, நேராக.

பிறகு கேட்டீர்கள்: "கரண்டு இல்லாட்டி இது இறங்குமா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இறங்காது மாமி."

தலையாட்டினீர்கள். "அப்ப இறங்கியே கிடக்கட்டும்."

அன்று பின்னேரம் டெலிபோனில் உங்கள் மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இறக்கி வைக்கிறதுக்கா ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்கக் கதவக் கழட்டினீங்க?" அவருக்கு எப்படி விளங்கும்? ஏற வழியில்லாமல் கிடப்பது வேறு, நீங்கள் சொல்லி இறங்கிக் கிடப்பது வேறு.

அடுத்த கிளினிக்குக்கு என் பக்கத்தில் ஏறினீர்கள். கல்லடிப் பாலம் வரைக்கும் கதவு விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நாம் அப்படித்தான் போனோம். கச்சான் காற்றுக்குப் புழுதி, மாரிக்குத் தூவானம். உங்கள் இடத் தோளில் ஒரு துவாய் எப்போதும் கிடக்கும். ஒரு நாள் கொட்டுகிற மழையில், சாவடியில் நின்ற ஆமிப் பொடியன் ஒருவன் குனிந்து, "அம்மா, மழை. சட்டர் போடு" என்றான், தனக்குத் தெரிந்த தமிழில்.

"வேணாம் மனே. நீ நனையாம உள்ளுக்குப் போ" என்றீர்கள்.

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, சிரித்துவிட்டு, அடையாள அட்டை கேட்காமல் விட்டான். உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் மகன்தான், மனேதான்.

அந்தக் கடைசிப் பயணத்தைச் சொல்லாமல் இதை முடிக்க ஏலாது. இனி மருந்தில் பலனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் உங்களை அனுப்பிவிட்ட நாள். சண்டை முடிந்தது என்று அன்றுதான் றேடியோவில் சொன்னார்கள். ரவுணில் சந்திக்குச் சந்தி வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டிய வாகனங்கள் ஹோன் அடித்துக்கொண்டு ஓடின. எங்கள் சனம் வாசலுக்கு வரவில்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை திரும்பி வராதோ என்று ஆளுக்கொரு கணக்கு மனதுக்குள். பாலத்தைத் தாண்டி நாவலடிப் பக்கம் வருகையில் காருக்குப் பக்கத்திலேயே ஒரு வெடிக்கட்டுப் படபடவென்று வெடித்தது. உங்கள் உடம்பு தூக்கிப் போட்டது.

"கண்ணாடிய ஏத்து புள்ள. எனக்கு இந்தச் சத்தம் கேக்க ஏலா."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "ஏத்தவா மாமி? முழுக்கவா?"

"ஏத்து. நீ பக்கத்திலதானே இரிக்கா."

சுவிச்சை அமத்தினேன். மூன்று வருடம் ஏறாத கண்ணாடி மெல்ல மேலே வந்து பொருந்தியது. வெளிச் சத்தம் எங்கோ தூரமாகப் போனது. நீங்கள் அந்தக் கண்ணாடியிலேயே தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டீர்கள். வாய் இலேசாகத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. நான்தான் மாமி மூச்சு முட்டிப்போனேன். வலக்கையில் ஸ்டியறிங், இடக்கை விரல் நடுவில் இருந்த சுவிச்சில், கண் கடல் பக்கம். குருமண்வெளி வரைக்கும் அப்படியே வந்தேன். பன்னிரண்டாம் நாள், நம் வீட்டில், என் கையால் தண்ணீர் குடித்துவிட்டு நீங்கள் போனீர்கள்.

அன்றைக்கு உங்களை விட்ட பயம் என்னைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. யாருடைய வாகனத்தில் ஏறினாலும் முதலில் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறேன். இறங்காவிட்டால் ஏறமாட்டேன். உங்கள் பேத்தி இப்போது பெரிய மனுசி, சிநேகிதிகள் முன்னால் என்னைப் பகிடி பண்ணுகிறாள். உங்கள் மகன், "ஒரு டொக்டரிடம் காட்டுவமா?" என்கிறார். காட்டமாட்டேன். அந்த வானுக்குள் இருந்த நம் நாலு பேரையும் நினைத்து இந்த வீட்டில் யாராவது ஒருத்தி பயந்துகொண்டே இருக்க வேண்டும் மாமி. நீங்கள் இருக்கும் வரைக்கும் நீங்கள் பயந்தீர்கள். இப்போது நான் பயப்படுகிறேன்.