இடது காது பத்மஜாவுக்கு

நவம்பர் 6, வியாழன்

காளிகாட்டிலிருந்து சாந்தினி வரை கொல்கத்தா மெட்ரோவில் நின்றபடியே பயணம். ஆபீஸில் ஏசி ரிப்பேர். பக்கத்து சீட் தீபக் போகிற போக்கில் சொன்னான்: அடுத்த வெள்ளி மேக்லா துபுர் இசைக்குழுவின் புது ஆல்பம் வருகிறதாம்.

ஒன்பது வருஷம் கழித்து! இரண்டே பேர். அவர் சிந்தசைசர், அவள் குரல். உலகத்துச் சோகம் எல்லாவற்றையும் வங்காளத்தில் பாடுவார்கள். கேட்டால் நெஞ்சை அடைக்கும். எனக்கோ இன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்து மூன்று வயசில் இது தேவையா?

நவம்பர் 7

தூக்கம் தெளிந்ததும் உறைத்தது. யாரோடு கேட்பது?

காலேஜ் நாளிலிருந்து எனக்கும் பத்மஜாவுக்கும் ஒரு சபதம். இவர்கள் பாட்டை முதல்முறை ஒருத்தியை விட்டு ஒருத்தி கேட்கக்கூடாது. ஏரிக்கரைப் பெஞ்சு, ஒரு இயர்போன், இடது காது அவளுக்கு. ஒன்பது வருஷம் முன்பு அவர்கள் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. கல்யாணமான புதுசு. ஜெய்ராமைக் கூட்டிக்கொண்டு போனேன். "இனிமே அவரோடயே கேட்டுக்கோ" என்றாள் பத்மஜா, என் பத்து. அதோடு பேச்சு நின்றது. அதுதான் அவர்களுடைய கடைசிக் கச்சேரி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்தக் கச்சேரியில் ஜெய்ராம் குறட்டை விட்டுத் தூங்கினார். அது தனிக் கதை.

நவம்பர் 14, வெள்ளி

வந்துவிட்டது. கேட்கவில்லை.

தீபக் தன் மேஜையிலேயே பாட்டைப் போட்டுவிட்டான். பாத்ரூமுக்கு ஓடினேன். வயிறு சரியில்லையா என்று ஆபீஸே விசாரித்தது.

ஜெய்ராம்: "ஃபோன்ல தட்டினா பாடப்போறது. இதுக்கு என்னத்துக்கு விரதம்?" அவருக்கு என்ன தெரியும். தூங்குமூஞ்சி.

நவம்பர் 15, சனி

ஜெய்ராம் மளிகை வாங்குவது பத்துவின் வீட்டுக் கடையில்தான். கல்லாவில் அவள்தான் உட்காருவாள். நான் அந்தத் தெருவுக்கே போவதில்லை. இன்று லிஸ்டில் காப்பிப்பொடி, அப்பளத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதிவிட்டேன்: புது ஆல்பம் கேட்டாச்சா?

அவர் கிளம்பிய பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். எதுக்குடி உனக்கு இந்த வேலை? ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்று செருப்பைக்கூட மாட்டினேன்.

பில்லின் பின்னால் அவள் கையெழுத்து. ஒரே வார்த்தை: "நீ?"

பில்லை ஆறு தடவை படித்தேன். அப்பளம் கருகியது.

நவம்பர் 18

மறுபடி லிஸ்ட். "அப்பளம்தான் இருக்கே" என்றார். தீர்ந்துடும் என்றேன். அடியில் எழுதியது: இல்லை. உனக்காகத்தான் வெச்சிருக்கேன்.

பதில்: "ஞாயிறு நாலு மணி. பழைய பெஞ்சு. ஒயர் இயர்போன் கொண்டு வா."

சமையலறையில் ஆடினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

நவம்பர் 22

கரியாஹாட் நடைபாதையில் ஒயர் இயர்போன் கிடைத்தது. கடைக்காரர் என் காதில் செருகி, சோதித்துக் காட்டுகிறேன் என்று போட்டது எதை? அந்த ஆல்பத்தையே. பிடுங்கி எறிந்தேன். நாலு விநாடி கேட்டிருப்பேன். சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

மூன்றரைக்கே போய்விட்டேன். அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றியில் நரை. கையில் ஜால்முரி, அதான் காரப்பொரி, இரண்டு பொட்டலம்.

"நாலு விநாடி கேட்டுட்டேன்டி" என்றேன். "கடையிலே ஒருத்தர் ரிங்டோனா வெச்சிருந்தார். எனக்குப் பத்து விநாடி" என்றாள்.

இயர்போனைச் செருகப் போனால் என் ஃபோனில் ஓட்டையே இல்லை. அவள் ஃபோனிலும் இல்லை. ஊரெல்லாம் அலைந்து ஒயர் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை பார். சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவேயில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஸ்பீக்கரில் போட்டு, ஃபோனை நடுவில் பிடித்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு கேட்டோம். இடது காது அவளுடையதுதான்.

முதல் பாட்டு முடிந்ததும் சொன்னேன். "தப்பு என்னோடதுதான், பத்து. உன்னைத்தான் கூட்டிண்டு போயிருக்கணும்."

"ஜெய்ராம் தூங்கிட்டாராமே. போன வருஷம் அவரே சொன்னார். பாதிக் கோபம் அப்பவே போயிடுத்து."

"மீதிப் பாதி?"

"அது இருக்கட்டும். ஜால்முரி சாப்பிடு."

மூன்றாவது பாட்டில் பேச ஆரம்பித்தோம். மீதி ஏழு பாட்டும் மடியில் கிடந்து தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது.

நவம்பர் 25

காப்பிப்பொடி வாங்க நானே போனேன். வீட்டில் இன்னும் முக்கால் டப்பா இருக்கிறது.